தோராயமாகச் சொன்ன கூரியர் கட்டணம்: பழைய கிட்டார் விற்பனையில் எழுந்த ஒரு தகராறு

பின்னணி

இணையத்தில் விளம்பரம் செய்து விற்கப்பட்ட பழைய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை அனுப்பிய கூரியர் செலவை யார் ஏற்பது என்று, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே எழுந்த தகராறின் பதிவு இது. கிட்டார்களைப் பழுது பார்ப்பது என் தொழில். விற்றவர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். வாங்கியவர் தன் முதல் கிட்டாரை என்னிடம் கொடுத்துச் சரிசெய்தவர். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. பேச்சு முறிந்தபோது இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள் என்பதால் இந்த விஷயத்தின் முழு விவரமும் எனக்குக் கிடைத்தது.

இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், உண்மைத் தொகை ஆகியவற்றைத் தவிர்த்திருக்கிறேன். விற்றவர் முதலில் சொன்ன கூரியர் கட்டணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாத் தொகைகளையும் அதே அளவுகோலில் தருகிறேன். அந்தக் கணக்கில் கிட்டாரின் விலை 1500 பங்கு.

முதல் பேச்சு

விளம்பரத்தில் கிட்டாரின் நிலை, வயது, சிறு கீறல்கள் எல்லாம் நேர்மையாகவே சொல்லப்பட்டிருந்தன. கடைசி வரியில் ‘கூரியர் தனி’ என்று மட்டும் இருந்தது. வாங்கியவர் அது எவ்வளவு ஆகும் என்று கேட்டார். விற்றவரின் பதில் இது: “நாலு கிலோ வரும். தோராயமாக 100 ஆகும்.” வாங்கியவர் சரி என்று சொல்லி, மறுநாளே 1600 பங்கையும் அனுப்பிவிட்டார். இருவருக்கும் இடையில் கட்டணத்தைப் பற்றி நடந்த பேச்சு மொத்தமும் இவ்வளவுதான்.

அந்த 100 எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சில மாதங்களுக்கு முன் விற்றவர் நான்கு கிலோ பழைய புத்தகங்களை அதே தூரத்துக்கு அனுப்பியிருந்தார். அன்று கட்டிய தொகையையே இப்போது சொன்னார். கிட்டாரைத் துணி உறையில் வைத்து அட்டைப்பெட்டியில் கட்டினால் ஏறத்தாழ நான்கு கிலோதான் வரும் என்பது சரியான கணிப்பே. ஆகவே அவர் பொய் சொல்லவில்லை, அக்கறையில்லாமலும் சொல்லவில்லை. அவர் எடையைக் கணித்தார், பெட்டியை அளக்கவில்லை. அளப்பதற்கு அப்போது பெட்டியே இல்லை.

கட்டியதும் அனுப்பியதும்

பணம் கொடுத்த பிறகு வாங்கியவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, துணி உறையில் வைத்து அனுப்பினால் போதுமா என்று கேட்டார். போதாது என்றேன். பெரும்பாலான கிட்டார்களின் தலைப்பகுதி சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பெட்டி தவறி விழுந்தால், மேலே கீறல்கூட இல்லாமல் கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் விரிசல் விட்டுவிடும். அப்படி வந்த கிட்டார்களை நான் ஒட்டியிருக்கிறேன். அதனால் கம்பிகளைத் தளர்த்தி, ஹார்ட் கேஸில், அதாவது கிட்டார் வடிவில் இருக்கும் கடினமான பெட்டியில் வைத்து, அதற்கு வெளியே கெட்டியான அட்டைப்பெட்டி போடச் சொல்லுங்கள் என்றேன். யோசனை சரியானதே. ஆனால் அதைச் சொன்னபோது கட்டணத்தைப் பற்றி நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

வாங்கியவர் அதை அப்படியே விற்றவருக்கு எழுதினார். விற்றவர், “என்னிடம் பழைய ஹார்ட் கேஸ் ஒன்று சும்மா கிடக்கிறது, அதிலேயே வைத்து அனுப்புகிறேன்” என்று பெருந்தன்மையோடு பதில் எழுதினார். கேட்டவரும் செலவைப் பற்றிக் கேட்கவில்லை, கொடுத்தவரும் செலவைப் பற்றிச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி ஒரே பெட்டியாக்கி, இடைவெளிகளில் பபிள் ஷீட் திணித்து, மாலையில் கூரியர் அலுவலகத்துக்குக் கொண்டு போனார். தராசில் 9.3 கிலோ காட்டியது. பிறகு ஊழியர் டேப் வைத்துப் பெட்டியின் மூன்று பக்கங்களையும் அளந்து, கணக்கிடும் எடை 26 கிலோ என்று சொன்னார். கட்டணம் 480 பங்கு வந்தது. அலுவலகம் மூடும் நேரம் நெருங்கியிருந்தது. பணம் வாங்கி நான்கு நாளாகியிருந்தது. அன்றே அனுப்புவதாக வாக்கும் கொடுத்திருந்தார். தன் கையிலிருந்து கட்டிவிட்டுத் திரும்பினார். வாங்கியவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தகராறு

அன்றிரவு விற்றவர் அனுப்பிய செய்தி சுருக்கமானது: கூரியர் 480, பெட்டிக்கும் பபிள் ஷீட்டுக்கும் 30, கொடுத்தது 100 போக மீதி 410 அனுப்பவும். கூடவே ரசீதின் படமும் இருந்தது. அதில் டிராக்கிங் எண் இருந்த இடத்தைக் கட்டைவிரல் மறைத்திருந்தது. அது தற்செயலா என்று வாங்கியவர் முதலில் யோசித்தாராம். அடுத்த செய்தியில் சந்தேகம் தீர்ந்தது: மீதி வந்த பிறகு எண் தரப்படும்.

வாங்கியவரின் வாதம், 100 என்று சொன்னவர் நீங்கள், நான் ஒப்புக்கொண்டது அந்தத் தொகைக்கு என்பது. விற்றவரின் வாதம், தோராயமாக என்றுதான் சொன்னேன், உண்மையில் ஆன செலவுக்கு ரசீது இருக்கிறது என்பது. இந்த இடத்தில் வாங்கியவர் கேட்ட கேள்விதான் முழு விவகாரத்திலும் கூர்மையானது என்று நினைக்கிறேன்: “60 மட்டும் ஆகியிருந்தால் மீதி 40-ஐத் திருப்பிக் கொடுத்திருப்பீர்களா?” அதற்கு விற்றவர் பதில் எழுதவில்லை.

மறுநாள் காலைக்குள் பேச்சு மோசமாகிவிட்டது. கூரியர்காரரோடு சேர்ந்து ரசீதைப் பெரிதாக்கியிருக்கிறார் என்று வாங்கியவர் சந்தேகப்பட்டார். ஹார்ட் கேஸையும் இலவசமாக வாங்கிக்கொண்டு கூரியர் செலவையும் தன் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று விற்றவர் கருதினார். பணம் கட்டிய செயலியில் புகார் கொடுத்து 1600-ஐயும் திரும்பக் கேட்கப் போவதாக வாங்கியவர் எழுதினார். அன்று மாலை இருவரின் அழைப்பும் எனக்கு வந்தது.

நான் கண்டவை

முதலில் இருவரிடமும் எல்லாச் செய்திகளையும் படமாக வாங்கி, நேர வரிசையில் அடுக்கிப் படித்தேன். தன் செய்திகளை மட்டும் ஒருவர் காட்டும்போது கதை வேறாகவும், இரண்டையும் சேர்த்து அடுக்கும்போது வேறாகவும் இருக்கிறது. பிறகு ரசீதை முழுமையாகப் பார்த்தேன்.

ரசீதில் பொய் இல்லை. பெட்டியின் அளவு 118 × 50 × 22 செ.மீ. இவற்றைப் பெருக்கினால் 1,29,800 கன செ.மீ.; அதை 5000-ஆல் வகுத்தால் 25.96, மேல்நோக்கி முழுமையாக்கினால் 26 கிலோ. இதைக் கன அளவு எடை என்பார்கள். வண்டியிலோ விமானத்திலோ, இலேசான பெரிய பெட்டிகளால் எடை வரம்பை எட்டும் முன்பே இடம் நிரம்பிவிடும் என்பதால், உண்மை எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். விரைவுக் கூரியர்கள் பலவும் 5000-ஆல் வகுக்கின்றன. விமானச் சரக்கில் 6000-ஆல் வகுப்பது வழக்கம். வகுக்கும் எண் சிறியதாக இருந்தால் கட்டணம் கூடும்.

விற்றவரின் முந்தைய அனுபவம் ஏன் அவரை ஏமாற்றியது என்பதும் இதே கணக்கில் விளங்கியது. அவர் அனுப்பிய புத்தகப் பெட்டி, அவர் நினைவின்படி, 30 × 22 × 15 செ.மீ. அதன் கன அளவு எடை இரண்டு கிலோகூட இல்லை. உண்மை எடை நான்கு. அன்று தராசு சொன்னதே கட்டணமானது. அடர்த்தியான பொருளை மட்டுமே அனுப்பிப் பழகியவருக்கு இந்த இரண்டாவது கணக்கு கண்ணில் படவே படாது.

இன்னொரு சிறு செய்தியும் இதில் இருந்தது. பெட்டியின் ஓரத்தில் உயரம் 21 செ.மீ.தான், அளவுக்கு மீறித் திணித்ததால் நடுவில் மூடி உப்பியிருந்தது, ஊழியர் அங்கேதான் டேப்பை வைத்தார். இவ்வளவு நீள அகலமுள்ள பெட்டியில் ஒரு செ.மீ. உயரம் என்பது 1.18 கிலோ. உப்பாமல் இருந்திருந்தால் 24.78, அதாவது 25 கிலோவுக்குக் கட்டியிருப்பார்.

அடுத்து, ஹார்ட் கேஸ் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. துணி உறையோடு கிட்டாரைக் கட்டியிருந்தால் பெட்டி ஏறத்தாழ 112 × 44 × 16 செ.மீ. இருந்திருக்கும். அது 15.77, ஆக 16 கிலோ. அதே கூரியர் அலுவலகத்தில் அதே தூரத்துக்கு 16 கிலோவுக்கு விசாரித்தேன். 310 பங்கு என்றார்கள். ஆகவே 100-க்கும் 480-க்கும் இடையிலான 380 ஒரே துண்டு அல்ல என்று தெரிந்தது. முதல் 210, கிட்டார் என்ற பொருளின் வடிவத்தாலேயே வந்தது; யார் எப்படிக் கட்டியிருந்தாலும் வந்திருக்கும், முதல் நாளே டேப் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த 170, ஹார்ட் கேஸால் வந்தது.

கடைசியாக, உண்மையான தொகை முதலிலேயே தெரிந்திருந்தால் ஒவ்வொருவரும் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டேன். வாங்கியவர், வீட்டுக்கே அனுப்பும் செலவும் சேர்த்து 1700-க்குக் கிடைத்த, இதே தரத்திலான இன்னொரு கிட்டாரின் விளம்பரத்தைச் சேமித்து வைத்திருந்தார், அதைக் காட்டினார். விற்றவர், நேரில் வந்து 1400-க்கு எடுத்துக்கொள்வதாக ஒருவர் எழுதிய செய்தியைக் காட்டினார். 1500 கிடைக்கிறதே என்று அதை மறுத்திருந்தார். அந்த ஒற்றை ‘தோராயமாக’ இருவரையும் அவரவருக்கு நல்லதாக இருந்திருக்கும் வழியிலிருந்து திருப்பிவிட்டிருந்தது.

அனுப்பும் கட்டணத்தைத் தனியாகச் சொன்னால் வாங்குபவர்கள் அதைக் குறைத்தே எண்ணுகிறார்கள் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. தன்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன் ஆகிய இருவர் ஈபே ஏலத்தில் இசைக் குறுந்தகடுகளையும் வீடியோ விளையாட்டுகளையும் விற்றுப் பார்த்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப விலையைக் குறைத்து அனுப்பும் கட்டணத்தைக் கூட்டியபோது பெரும்பாலும் மொத்த வருவாய் கூடியதாகக் கண்டார்கள். எங்கள் விற்றவருக்கு அப்படி ஒரு தந்திரம் இருந்ததில்லை. ஆனால் தந்திரம் என்ற சந்தேகம் வாங்கியவருக்கு அவ்வளவு விரைவில் வந்ததற்கு, தனியாக எழுதப்படும் கூரியர் கட்டணத்தை விற்பவர்கள் பலர் அப்படிப் பயன்படுத்தியிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு பணத்தைப் பற்றியது அல்ல. டிராக்கிங் எண்ணை எந்த நிபந்தனையும் இல்லாமல் உடனே கொடுங்கள் என்று விற்றவரிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான் என்றார். ஆனால் கட்டணத் தகராறாக இருந்ததை மோசடிச் சந்தேகமாக மாற்றியது அந்தப் பிடிதான். மேலும், வாங்கியவர் உண்மையிலேயே புகார் கொடுத்தால், பொருளை அனுப்பியதற்கு விற்றவர் காட்டக்கூடிய முதல் சான்று அதே எண்தான். இதை விளக்கிய பிறகு அனுப்பிவைத்தார். பதிலுக்கு, கிட்டார் கைக்கு வரும் வரை புகார் கொடுப்பதில்லை என்று வாங்கியவர் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவதாக, 210 பங்கை விற்றவரே ஏற்க வேண்டும் என்றேன். பொருள் அவர் வீட்டில் இருந்தது. டேப்பை எடுத்து அளக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். வாங்கியவர் படத்தைப் பார்த்துப் பெட்டியின் உயரத்தைக் கணிக்க முடியாது. ‘தோராயமாக’ என்ற சொல், பத்தோ இருபதோ கூடுவதையும் குறைவதையும் தாங்கும்; மூன்று மடங்கைத் தாங்காது. குறைந்திருந்தால் திருப்பித் தருவேன் என்று அவர் சொல்லாத நிலையில், கூடினால் வாங்குவேன் என்பதற்கும் இடமில்லை என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது முடிவுதான் கடினமானது. ஹார்ட் கேஸால் வந்த 170-ஐ, கேட்டவரே முழுவதும் ஏற்க வேண்டும் என்று முதலில் சொன்னேன். வாங்கியவர் மறுத்தார். ஹார்ட் கேஸ் கேட்டது உண்மை, ஆனால் அதற்கு 170 ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் துணி உறையே போதும் என்றிருப்பேன் என்றார். அது நியாயமாகவே பட்டது. கூரியர் அலுவலகத்தில் நின்றபடி ஒரு நிமிடம் அழைத்துக் கேட்டிருக்கலாம் என்பதை விற்றவரும் மறுக்கவில்லை. அதே சமயம், கூடுதல் பாதுகாப்பு கேட்பவர் கூடுதல் செலவு வருமா என்று கேட்டிருக்கவும் வேண்டும். ஆகவே அந்த 170-ஐப் பாதியாகப் பிரித்து, பெட்டிக்கான 30-ஐ வாங்கியவர் பக்கம் வைத்தேன். கணக்கு இப்படி முடிந்தது: கேட்கப்பட்ட 410-ல் வாங்கியவர் 115 கொடுப்பது, விற்றவர் 295 ஏற்பது.

பின்னர் நடந்தது

அனுப்பிய ஆறாம் நாள் பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு மூலை நன்றாக நசுங்கியிருந்தது. உள்ளே கிட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பி முறுக்கும் திருகு ஒன்று வளைந்திருப்பதாக வாங்கியவர் புதிதாக ஒரு குறை சொன்னார். விளம்பரப் படத்திலேயே அது வளைந்துதான் இருந்தது என்று காட்டியதும் விட்டுவிட்டார். மனக்கசப்பு இருக்கும்போது பொருளைப் பார்க்கும் கண்ணும் மாறிவிடுகிறது.

115 பங்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. விற்றவர் கைக்கு நிகரமாக மிஞ்சியது 1205. நேரில் வந்தவருக்குக் கொடுத்திருந்தால் 1400. வாங்கியவருக்கு மொத்தம் 1715 ஆனது. அவர் விட்டுவிட்ட கிட்டாரோ 1700. தொகையில் வாங்கியவரின் இழப்பு சொற்பம், விற்றவரின் இழப்பு கணிசம். விற்றவர் முடிவை ஏற்றுக்கொண்டார், ஆனால் அது சரி என்று ஒருபோதும் சொல்லவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

விற்பவர் பக்கத்தில் மாற வேண்டியது வரிசை. விலை பேசி, பணம் வாங்கி, பெட்டி கட்டி, கட்டணம் தெரிந்துகொள்வது என்பது இந்த வழக்கில் நடந்தது. பெரிய பொருளுக்கு முதலில் பெட்டியைக் கட்ட வேண்டும், அல்லது குறைந்தது வெற்றுப் பெட்டியில் பொருளை வைத்துப் பார்த்து அளக்க வேண்டும். மூன்று அளவுகளையும் எடையையும் கொடுத்துக் கட்டணம் விசாரித்த பிறகே தொகை சொல்ல வேண்டும். அளக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் மிக உப்பிய இடத்தை அளக்க வேண்டும். ஒரே இடத்தில் விசாரித்து நிற்கவும் கூடாது. கன அளவைக் கணக்கில் எடுக்காமல் எடைக்கு மட்டும் வாங்கும் பார்சல் சேவைகளும் உண்டு. அவற்றில் நீளத்தோடு சுற்றளவைக் கூட்டி ஒரு வரம்பு வைப்பது வழக்கம். சுற்றளவு என்பது அகலத்தையும் உயரத்தையும் கூட்டியதன் இரு மடங்கு. எங்கள் பெட்டிக்கு அந்தக் கூட்டல் 118 + 144 = 262 செ.மீ. அதற்குள் ஏற்கும் சேவை கிடைத்திருந்தால் 9.3 கிலோவுக்கான கட்டணத்தோடு போயிருக்கும்.

சொல்லும் தொகை எந்த வகை என்பதையும் அப்போதே தீர்த்துவிட வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் இதுதான் என்ற நிலைத்த தொகையாக இருக்கலாம். ரசீதில் உள்ளபடி, மீதியைத் திருப்பித் தரும் பொறுப்போடும் ஓர் உச்ச வரம்போடும் வாங்கப்படும் தொகையாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவும் குற்றமல்ல. கட்டும் முறையை வாங்குபவர் மாற்றச் சொன்னால் பழைய தொகை அந்தக் கணமே காலாவதியாகிறது என்று இருவரும் எடுத்துக்கொள்வது நல்லது. எதிர்பாராத தொகை சொல்லப்பட்டால், பெட்டியைத் திருப்பி வீட்டுக்குத் தூக்கி வருவது அலுப்பாக இருந்தாலும், கட்டாமல் திரும்புவதே மலிவு.

என் பக்கத்திலும் இரண்டு தவறுகள் உண்டு. ஹார்ட் கேஸ் யோசனையைச் சொன்னவன் நான் என்பதை விற்றவரிடம் தொடக்கத்திலேயே சொல்லாமல், கணக்கு முடிந்த பிறகுதான் சொன்னேன். 170-ஐப் பாதியாகப் பிரித்தபோது என் யோசனைக்கு நானே சலுகை காட்டிக்கொண்டேனோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. மறுமுறை இப்படி நேர்ந்தால், தொடர்பில்லாத ஒருவரைக் கணக்குப் பார்க்கச் சொல்வேன்.

மற்றொன்று, ஹார்ட் கேஸுக்கும் ஒரு விலை உண்டு என்பது. கூரியர் செலவை மட்டுமே அலசிக்கொண்டிருந்த நாங்கள் மூவரும், விற்றவர் சும்மா கொடுத்த அந்தப் பொருளை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. சில மாதங்கள் கழித்து வேறொரு வேலையாக வந்த விற்றவர்தான், பழைய ஹார்ட் கேஸ்கள் இப்போது 150 பங்குக்குக் குறையாமல் போவதாகச் சொன்னார். இனி அதைக் கேட்டு வாங்க முடியாது. கேட்கவும் அவருக்கு விருப்பமில்லை. அவருடைய புதிய விளம்பரங்களில் பெட்டியின் மூன்று அளவுகளும், அதற்கான கூரியர் தொகையும், கட்டிய பெட்டியின் மேல் டேப் நீட்டி எடுத்த ஒரு படமும் இருக்கின்றன.